தம்பி கழற்றிய சென்சார்

தம்பி காருக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே தெரிந்தது அவனுடைய இரண்டு கால்கள் மட்டும்தான். அம்மா நாற்காலியை வாசலிலேயே போடச் சொல்லி உட்கார்ந்து, அந்தக் கால்களைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு மூன்று நாள் கிளட்சை மிதித்து அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் என் கால்களை அவள் அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

காருக்கு வயது பதினெட்டு. போன வாரம் சிக்னலில் அம்மாவோடு நின்றுவிட்டது. ஆக்சிஜன் சென்சார் செத்துப்போச்சு என்றார் மெக்கானிக். புகைக்குழாயில் திருகி வைத்திருக்கும் விரல் நீளச் சாமான். புகையை முகர்ந்து பார்த்து எஞ்சினுக்குத் தகவல் சொல்ல வேண்டியது அது. அது தப்பாகச் சொன்னால் எஞ்சின் பெட்ரோலை அளவில்லாமல் குடித்துவிட்டு மூச்சுத் திணறி நிற்கும். மீட்டரில் மஞ்சள் விளக்கும் எரியும். அப்பா இருந்தவரை அந்த விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தார்.

நேற்று தம்பி வந்து இறங்கியதும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"ஒரு வாரம் இருடா. மூணு தடவை நீ கூட்டிட்டுப் போ. நான் கொஞ்சம் தூங்கி எழுந்துக்கறேன்."

"லீவு இல்லக்கா. ஆனா காரை சரி பண்ணிட்டுதான் போவேன். சென்சார் வாங்கிட்டே வந்துட்டேன்."

"மெக்கானிக்கிட்ட விட்டுடலாமே?"

"இதுக்குப் போய் மெக்கானிக்கா!"

"அவன் இன்ஜினியர்டி," என்றாள் அம்மா.

"அவன் படிச்சது பாலம் கட்டறதுக்கும்மா."

"பாலத்து மேல கார்தானே போகுது?"

ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி வெளியே வந்தான். விரல் முட்டியெல்லாம் சிராய்ப்பு. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகி, போனில் எதையோ தட்டினான். மஞ்சள் விளக்கு அணைந்தது. "முடிஞ்சுது" என்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, களிம்பு எங்கே என்று என்னை அதட்டினாள். சாமான்களை டிக்கியில் போட்டு அவனே மூடினான். மத்தியானமே டாக்ஸி ஏறிவிட்டான்.

மூன்றாம் நாள், அதே சிக்னல். மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. கார் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"நீ ஓட்டற லட்சணம் அப்படி," என்றாள் அம்மா. "அவன் நல்லாத்தான் பண்ணிட்டுப் போனான்."

வாடகைக் கார் பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அரை மணி தாமதம். நர்ஸ் என்னைத்தான் முறைத்தாள். அம்மா மெஷினில் இருக்கும் நாலு மணி நேரத்துக்குள், சிக்னல் ஓரத்தில் விட்டுவந்த காரை இழுவை வண்டியில் கட்டி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் தூக்கி நிறுத்தி அடியில் டார்ச் அடித்தார்.

"இதை யாரும் கழட்டவே இல்லியேம்மா. ஸ்பேனர் வழுக்கி விளிம்புதான் மழுங்கியிருக்கு."

"விளக்கு அணைஞ்சுதே?"

"அது கம்ப்யூட்டர்ல அழிச்சது. ரெண்டு நாள் ஓடினா திரும்ப வந்துடும்."

டிக்கியில், ஜாக்கிக்கு அடியில், புது சென்சார் பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

மெக்கானிக் எஞ்சினைச் சூடாக்கி, துருவுக்கு எண்ணெய் அடித்துக் காத்திருந்து, வயர் நுழைய ஓரத்தில் வெட்டு விட்ட ஸ்பேனரைப் போட்டார். ஒரு கிறீச்சல். அவ்வளவுதான். பழசை என் கையில் கொடுத்தார். நுனி முழுக்கக் கரி. இன்னும் சூடு ஆறவில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன். பெட்டி பிரிக்காமல் கிடந்ததைச் சொன்னேன்.

"இறுகிப் போயிருந்துச்சுக்கா. அம்மா எதிர்லயே உட்கார்ந்து பார்த்துட்டிருந்தா. முடியலன்னு எப்படி சொல்றது?"

"நடுரோட்டுல நின்னோம்டா."

"இப்ப ஓடுதில்ல? அம்மாகிட்ட சொல்லிடாதக்கா."

திரும்பும்போது அம்மா முன்சீட்டில் சாய்ந்திருந்தாள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சுக்கட்டு. முகத்தில் ரத்தமே இல்லை. கார் சத்தமில்லாமல் போனது.

"எவ்வளவு மெத்துனு போகுது பார். மெக்கானிக் என்ன சொன்னான்?"

வாய்வரை வந்துவிட்டது. காலையிலிருந்து கூட்டிச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள். அந்த முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கு இன்னொரு ஊசி அது தாங்காது.

"ஏதோ வயர் லூஸாம்."

"நான் சொல்லல? அவன் கை வெச்சா தப்பு இருக்காது." கியருக்குப் பக்கத்துக் குழியில் கிடந்ததை எடுத்தாள். "இதென்ன?"

"பழைய சென்சார். கழட்டினது."

"அவன் கழட்டினதா?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்து, அதைச் சுற்றி, பஞ்சுக்கட்டு போட்ட கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை. கைக்குட்டையின் வெள்ளையில் கரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அவள் விரல்களுக்கும் வந்துகொண்டிருந்தது.