ராவியாவுக்கு ஒன்றும் வராது

என் மகள் ராவியாவை மக்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது வேறு யாரும் இல்லை, நான்தான். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, ஒன்பது வருடம், நாக்குக் கூசாமல் சொன்னேன்.

காரணம் இருந்தது. அவளுக்கு முன் பிறந்த ஹிஷாம் இரண்டு வயதிலேயே பெரிய மனுஷன் மாதிரிப் பேசுவான். மாடிப்படியில் அவனைப் பார்த்த எதிர்வீட்டு ஃபத்ஹியின் அம்மா உம்மு ஃபத்ஹி, இவன் மந்திரியாகத்தான் வருவான் என்று கன்னத்தைக் கிள்ளினாள். கண் படாமலிருக்க 'மாஷா அல்லாஹ்' என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை, பாவி. நான்காம் நாள் பிள்ளை போய்விட்டான். மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். அவருக்கு என்ன தெரியும்! கண்ணேறு கழியக் காகிதத்தில் பொம்மை வெட்டி, எங்கள் கட்டடத்தில் இருக்கும் ஒவ்வொருத்தி பெயரையும் சொல்லி ஊசியால் குத்தி எரித்தேன். எரித்து என்ன, பிள்ளை திரும்பியா வந்தான்?

அடுத்து ராவியா பிறந்தாள். கிழிந்த சட்டையோடுதான் தெருவில் விட்டேன்.

எங்கள் மஹல்லா நகரத்தில் கேஸ்காரன் வரும்போது சிலிண்டர்களை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வருவான். ஐந்து வயது ராவியா பால்கனியில் நின்று, இது காலி, இது முழுசு என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருநாள் எங்களுக்கு இறக்கிய சிலிண்டரில் பாதிதான் இருக்கிறது என்றாள். என் கணவர் ஸாபிர் விளையாட்டாகக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார். பாதிதான் இருந்தது. தெருவே சிரித்தது. எல்லார் கண்ணும் அவள் மேல். உளறாமல் உள்ளே போ என்று அவளை விரட்டினேன். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்றவள் கண்ணும் பட்டுவிடும் என்பது எங்கள் பயம்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது, பள்ளியில் காலை வரிசையில் அக்கார்டியன் வாசிக்கும் பெண் வரவில்லையாம். இவள் அந்தப் பெட்டியைத் தூக்கி மாட்டிக்கொண்டு தேசியகீதத்தை முழுசாக வாசித்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அன்று மாலையே பாட்டு டீச்சர் அப்லா இன்ஸாஃப் வீட்டுக்கு வந்துவிட்டாள். கெய்ரோவில் இசைப் பள்ளி இருக்கிறது, தேர்வுக்குப் பெயர் கொடுக்கலாம், தேறினால் அங்கேயே தங்கிப் படிக்கலாம் என்றாள்.

"யாரு, இவளா? இவ கையப் பாருங்க அப்லா, களிமண்ணு. பாட்டும் வராது, படிப்பும் வராது" என்றேன்.

"உம்மு ஹிஷாம், நீங்க அவ வாசிச்சுக் கேட்டிருக்கீங்களா?"

"கேக்காம என்ன? கழுத கத்துற மாதிரி இருக்கும்."

கதவோரம் ராவியா நின்றிருந்தாள். அவள் கால் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை.

ஸாபிர் பிடிவாதம் பிடித்ததால் கெய்ரோ போனோம். போகவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை, அதுதான் கொடுமை. ரயிலில் விசாரித்தவர்களிடம், இவளுக்குக் காது மந்தம், டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்றேன். தேர்வு நடந்த இடத்தில் வரிசையில் பட்டுச் சட்டை போட்ட பிள்ளைகள். பக்கத்துத் தாய், உங்கள் மகள் எப்படி வாசிப்பாள் என்று கேட்டாள். ஒன்றும் வராது, டீச்சர் தொல்லை தாங்காமல் கூட்டிவந்தேன் என்றேன். ராவியாவின் கை என் கைக்குள் இருந்தது. பொய்தான் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரியட்டும் என அதை அழுத்தினேன். பேசாதே என்று அழுத்துவதாக அவள் நினைத்திருப்பாள்.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டி, இதைப் பாடு என்றார் தேர்வாளர். அவள் பாடவில்லை. இன்னொன்று தட்டினார். அதற்கும் வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் நல்லவர், குனிந்து மெதுவாக ஏன் பாடவில்லை என்று கேட்டார்.

"எனக்கு வராது சார். எங்கம்மாவுக்குத் தெரியும்."

உள்ளே ஓடிப்போய், நான் சொன்னதெல்லாம் பொய் என்று கத்தியிருக்கலாம். சுற்றிலும் இருபது தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள், நாற்பது கண்கள். நான் எழுந்திருக்கவில்லை. பிள்ளை உயிரோடு வீடு திரும்பினால் போதும் என்றுகூட அப்போது நினைத்தேன். சீ, நானும் ஒரு தாய்.

அதன்பின் அவள் அக்கார்டியனைத் தொடவில்லை. வீட்டில் முணுமுணுப்பாகக்கூடப் பாட்டுக் கேட்கவில்லை. இப்போது முப்பத்தொரு வயது. ஆலையில் துணி மடிக்கும் பிரிவில் நாள் முழுக்க இயந்திர இரைச்சலில் நிற்கிறாள். நல்ல ஆரோக்கியம். இதுவரை ஒரு காய்ச்சல் வந்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை இருவரும் முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தோம். இனியும் தாங்காது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ மக்கு இல்லை, உன்னைப் போல ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்லை, கண்ணுக்குப் பயந்து பொய் சொன்னேன் என்றேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினாள்.

"விடும்மா. என்னைத் தேத்துறதுக்காக நீ எதுக்குப் பொய் சொல்ற?"

அப்போது கீழே ஸ்பேனர் சத்தம் கேட்டது. அவளே போய் சிலிண்டரை வாங்கித் தூக்கிவந்தாள். கரண்டியால் அதைத் தட்டிவிட்டு, முழுசா இருக்கா, பாதியா என்று கேட்டேன்.

"எனக்கெப்படிம்மா தெரியும்? தராசுல வச்சாத்தான் தெரியும்" என்றாள்.

மறுநாள் அவள் ஆலைக்குப் போனபின் நானே தட்டித் தட்டிப் பார்த்தேன். எனக்கு இரும்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.