நூறு நானோமீட்டர்

கண்ணாடித் தகட்டின் மேல் தங்கப் புள்ளிகள் இரண்டு இரண்டாக இருந்தன. ஒவ்வொரு சோடியிலும் இடைவெளி நூறு நானோமீட்டர். சாதாரண நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்; ஒளியின் அலைநீளம் அந்த இடைவெளியைவிடப் பெரிது, அதனால் பிரித்துக் காட்டாது. அதற்காகத்தான் அஸ்தம்பட்டிக் கல்லூரி ஆய்வகத்துக்கு இந்தக் கருவி வந்தது. மெல்லிய கண்ணாடி இழையின் முனையில் ஒரு நுண்துளை. துளை வழியே ஒளியை விட்டு, முனையைத் தகட்டை ஒட்டி நகர்த்த வேண்டும். ஆனால் ஆராய்ச்சி மாணவிகள் ரஞ்சிதாவுக்கும் ரிஹானாவுக்கும் திரையில் கிடைத்தது மங்கலான ஒரே கறை.

"துளை பெரிசா இருக்கும்டி," என்றாள் ரிஹானா.

"அளந்து பார்த்தாச்சே, சரியாத்தான் இருக்குது. நாமதான் முனையைத் தூக்கி வெச்சிருக்கோம்."

கல்லூரியை ஒட்டிய ஏற்காடு ரோட்டில் பஸ் போனாலே தரை அதிரும். அப்படி ஓர் அதிர்வில் முனை தகட்டில் இடித்து உடைந்ததிலிருந்து, பயந்துபோய் உயரத்தை ஏற்றியிருந்தார்கள். துளையில் கசியும் ஒளியோ, சற்று விலகினாலே பரவி மங்கிவிடும்.

"மிச்சம் ஒரே முனைதாம்மா," என்றார் பேராசிரியர் குமரகுரு. "கருவியோட எல்லை இவ்வளவுதான்னு எழுதிடுங்க."

"எல்லை கருவியில இல்லீங்க சார், தரையில இருக்குதுங்க. ஒரு வாரம் குடுங்க," என்றாள் ரஞ்சிதா.

அவளுடைய அப்பா நாமக்கல்லில் லாரி வைத்திருந்தார். அவரிடமிருந்து பழைய டயர் டியூப்புகளை வாங்கி வந்தாள். பாதி காற்றடித்துத் தரையில் பரப்பி, மேலே கனத்த கிரானைட் பலகையை ஏற்றி, அதன்மேல் கருவியை வைத்தார்கள். வெளியே பஸ் கடந்தது. திரையில் அதிர்வைக் காட்டும் கோடு ஏறக்குறைய நேராகவே ஓடியது.

ரஞ்சிதா முனையை இறக்கினாள். "போதும்டி!" ரிஹானா அவள் தோளைப் பிடித்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

திரையில் வரி வரியாகப் படம் விழுந்தது. ஒரு வெளிச்சம், நடுவே இருட்டு, மறுபடியும் வெளிச்சம். ரிஹானா வாய்விட்டுக் கத்தினாள்.

குமரகுரு உடனே நம்பவில்லை. "தகட்டைத் திருப்பி வெச்சு எடுங்க. முனையோட கோளாறா இருந்தா படம் திரும்பாது."

கால் சுற்று திருப்பி வைத்து எடுத்தார்கள். பக்கம் பக்கமாக நின்ற புள்ளிகள் இப்போது மேலும் கீழுமாக நின்றன, தனித்தனியாக.

அவர் கதவைத் திறந்து வராந்தா முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்: "எல்லாரும் வாங்கப்பா! நம்ம பிள்ளைங்க பிரிச்சுக் காட்டிட்டாங்க!"