பிஸ்கட்டுக்கு முதல் பந்தி

ரெய்னர்ஸ் லேனில் பெனடிக்றின் பக்கத்து வீட்டுக்காரி நவோமி. யூதக் குடும்பம். அவர்களுடைய பாஸ்கா வரும் எட்டு நாளும் வீட்டில் கோதுமை, ஓட்ஸ் எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் அவர்கள் வளர்த்த கினிப் பன்றியின் தீனியில் இருப்பதே அவைதான். அதனால் அந்த எட்டு நாளும் பார்த்துக்கொள்ளும்படி கூண்டோடு வந்து நின்றாள்.

"இந்த ஆக்கள் பண்டி தொடமாட்டினமெல்லோ?" என்று பெனடிக்ற் மனைவி மேரிறோஸின் காதைக் கடித்தார்.

"பேர்தான் பண்டி. எலி மாதிரி ஒரு சாமான்."

அதன் செல்லப் பெயர் பிஸ்கட். பெயரைக் கேட்டபோது, பாஸ்காவுக்கு அதை வெளியே அனுப்பியது நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது.

கூண்டோடு ஒரு சட்டமும் வந்தது. நவோமி வீட்டில் பிஸ்கட் சாப்பிடாமல் யாரும் சாப்பிடுவதில்லை. வாயில்லாச் சீவன் பசித்திருக்க மனிதர் வாயில் வைக்கக் கூடாதாம். அவள் மகள் தாலியா அதைக் கலர் பென்சிலால் எழுதிக் கொடுக்க, அவளோடு படிக்கும் ஜெனிற்றா, பெனடிக்றின் ஒரே மகள், பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

பெனடிக்றுக்குக் கஷ்டகாலம் தொடங்கியது. ஷிப்ட் முடிந்து பசியோடு வந்து புட்டைக் குழைத்து வாய்க்குக் கொண்டுபோவார்.

"அப்பா, பிஸ்கட் சாப்பிட்டிட்டுதோ?"

கை அந்தரத்தில் நிற்கும்.

பெரிய வெள்ளியன்று அவர் ஒருசந்தி என்று பட்டினி கிடக்க, பிஸ்கட் வெள்ளரிக்காயை நறுக் நறுக்கென்று கடித்தது.

"இதுக்கு ஒருசந்தி இல்லையோ?"

"அது என்ன பாவம் செய்தது?" என்றாள் மேரிறோஸ்.

உயிர்த்த ஞாயிறு மதியம் பங்குத் தந்தை விருந்துக்கு வந்தார். செபம் சொல்லி, ஆட்டிறைச்சிக் கறியோடு முதல் கவளத்தை உயர்த்தினார்.

"பாதர், பொறுங்கோ!"

கத்தியவர் பெனடிக்ற். பூசைக்கு ஓடிய அவசரத்தில் காலையிலிருந்து பிஸ்கட்டுக்கு ஒன்றுமே வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தீனி முந்தின நாளே முடிந்திருந்தது. கடைசிக் கரட் வெங்காயத்தோடு சம்பலாகி மேசையில் இருந்தது.

"வெங்காயம் குடுக்கேலாது, அப்பா! அதுக்கு நஞ்சு!"

பெனடிக்ற் புதுக் கோட்டோடு தோட்டத்துக்கு ஓடி, முழங்காலில் நின்று புல்லைப் பிடுங்கினார். மேரிறோஸ் வெட்கத்தால் தலையில் கைவைத்தாள். ஜெனிற்றா பாதருக்குச் சட்டத்தை விளக்கினாள்.

பாதர் கவளத்தைத் தட்டில் வைத்தார். "ஓம் பிள்ளை, வேதாகமத்தில, இணைச் சட்டத்தில கிடக்கு. முதல்ல கால்நடைக்குப் புல்லு, பிறகுதான் மனிசருக்குச் சாப்பாடு. எத்தினை தரம் வாசிச்சிருப்பன்!" என்று எழுந்து, கறி ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு அவரும் தோட்டத்தில் இறங்கினார்.

இரண்டு பேரும் கொண்டுவந்து போட்ட புல்லை பிஸ்கட் ஒவ்வொன்றாக மணந்து பார்த்தது. பிறகுதான் ஆறுதலாக மெல்லத் தொடங்கியது. நாலு பேரும் சுற்றி நின்று அதன் வாயையே பார்த்தார்கள்.

"கறி ஆறிப்போச்சு. சூடாக்கட்டோ?" என்றாள் மேரிறோஸ்.

"கொஞ்சம் பொறு, மேரி," என்றார் பெனடிக்ற். "அது வடிவாச் சாப்பிடட்டும்."