மண்டி போடாத பிரின்ஸ்

என் பெயர் பிரின்ஸ். கம்பத்திலிருந்து கேரளாவின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுகிறேன். யூடியூப்பில் பாட்டுக் கேட்கிற ஆளாக இருந்தால் உங்களுக்கு என்னை ஏற்கெனவே தெரிந்திருக்கும். 'மண்டி போட்டான் பிரின்ஸு, மன்னிப்புக் கேட்டான் பிரின்ஸு' என்று ஒரு ராப் பாட்டு ஓடுகிறதே, அந்தப் பிரின்ஸ் நான்தான்.

பாடியவன் தேனிக்காரன், வினோத்ராஜ். ஒரு ரவுடிக் கும்பலோடு திரிந்துகொண்டு, அவர்கள் யாரை அடித்தாலும் மறுவாரமே அதைப் பாட்டாக்கிவிடுவான். நான்கு வருடத்துக்கு முன்னால், எங்கள் ஸ்டாண்டில் எந்த ஜீப் முதலில் கிளம்புவது என்ற தகராறில் அந்தக் கும்பல் வந்து என்னை அடித்தது உண்மை. மூக்கு உடைந்ததும் உண்மை. மண்டி போட்டது மட்டும் பச்சைப் பொய். மலைப்பாதை வளைவில் ஒருமுறை ஜீப் கவிழ்ந்ததிலிருந்து என் வலது முழங்காலில் தகடு இருக்கிறது. பிரேக்கை மிதிக்கும் அளவுக்கு மடங்கும், தரையைத் தொடும் அளவுக்கு மடங்காது. சர்ச்சில் கர்த்தருக்கு முன்னாலேயே நின்றுகொண்டுதான் ஜெபிக்கிறேன். இந்தப் பயல்களுக்கா மண்டி போடுவேன்?

இது எங்கள் ஸ்டாண்டுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாதே. எனக்காவது தோல் தடித்துப்போய்விட்டது. என் மகள் ஜெபா கல்லூரி பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டுப் பையன்கள் அந்த வரியைப் பாடினார்கள். முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தாள். போன மாதம் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு, "நானும் ஏலக்காய் எடுக்க வாரேன்ப்பா" என்று என் ஜீப்பிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு மலையேறும்போது எனக்குக் கண் கலங்கி ரோடே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நதியா என்ற பிள்ளை என்னைத் தேடி வந்தது. பெரியகுளத்துப் பிள்ளை, சென்னையில் சினிமா படித்துவிட்டு ஆவணப்படம் எடுக்கிறதாம். படமே வினோத்ராஜைப் பற்றித்தான். கும்பலை விட்டு விலகி, இஸ்லாத்தில் சேர்ந்து, இப்போது இத்ரீஸ் ஆகிவிட்டானாம். உத்தமபாளையத்தில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றுகிறானாம்.

"ஞாயித்துக்கிழமை ஸ்டாண்டுக்கே அவரக் கூட்டியாரேண்ணே. உங்க கால்ல விழுவாரு, நீங்க தூக்கி நிறுத்துங்க. அதோட படம் முடியுது" என்றது.

எனக்கு அந்த யோசனை ரொம்பவே பிடித்திருந்தது, மறைக்கவில்லை. அவன் என் காலடியில் கிடப்பதை ஊர் பார்க்கட்டும். முக்கியமாக ஜெபா பார்க்கட்டும். பார்த்தால் பரணிலிருந்து புத்தகத்தை இறக்குவாள் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் அவளை வம்படியாக ஸ்டாண்டுக்கு அழைத்துப் போனேன். அவள் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. பின்சீட்டில் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இத்ரீஸ் வெள்ளைத் தொப்பியோடு வந்தான். பாட்டு வீடியோவில் பார்த்த முரடன் எங்கே, இந்த ஒல்லிப் பையன் எங்கே என்றிருந்தது. கழுத்தில் பச்சை குத்தியிருந்த கத்தி மட்டும் அப்படியே இருந்தது. எப்படி மாறினீர்கள் என்று நதியா கேட்க, கேமராவைப் பார்க்காமல் பேசினான்.

"ஒரு சண்டையில என் கூட்டாளி செத்துட்டான். அவனத் தூக்கின ரத்தத்தோட, கை கழுவலாம்னு கண்ணுல பட்ட பள்ளிவாசலுக்குள்ள போயிட்டேன். தொழுக வந்தவுக யாரும் என்னைய விரட்டல. தண்ணிய மோந்து மோந்து ஊத்துனாக. அங்கனயே உக்காந்து அழுதேன். மறுநாளும் போனேன்."

"சரி, இப்ப அண்ணன் கால்ல..." என்றது நதியா.

அவன் அசையவில்லை.

"மன்னிச்சுக்கங்கக்கா. அல்லாஹ்வுக்கு முன்னாடி மட்டுந்தான் நான் தலைய தரையில வைக்கலாம். மனுசங்க கால்ல விழ மாட்டேன்."

நதியாவின் முகத்தில் ஈயாடவில்லை. இதை முன்கூட்டியே அவனிடம் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். நம் ஊரில் மன்னிப்பு என்றால் காலில் விழுவதுதானே, இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டது.

ஸ்டாண்டே கொதித்தது. "ஏலே, பாட்டுல எங்காள விழ வச்சேல்ல? நீ மட்டும் விழ மாட்டியோ?" என்று டிரைவர் சின்னக்கருப்பு சட்டையைப் பிடிக்கப் போனான்.

எனக்கும் சுர்ரென்று ஏறியது. ஆனால் பையனைப் பார்த்தேன். சின்னக்கருப்பு பாய்ந்து வருவதைக் கண்டும் அவன் ஓடவில்லை. வேறொன்றும் உறைத்தது. இவன் விழுந்தால் எனக்கு என்ன லாபம்? நான் அன்றைக்கு விழவில்லை என்பது அதனால் யாருக்குத் தெரியப்போகிறது?

சின்னக்கருப்பை விலக்கினேன். "விழ வேணாம்ப்பா. அன்னைக்கு இங்கன என்ன நடந்துச்சோ, அத உள்ளபடி சொல்லு. போதும்."

காலில் விழச் சொன்னபோது கூட அவன் இவ்வளவு வெளிறவில்லை. பிறகு கேமராவை நேராகப் பார்த்தான்.

"அடிச்சது நாலு பேரு. நான் யாரையும் அடிக்கல. சண்டைன்னா எனக்குப் பயம். அந்தா இருக்குல்ல கக்கூசு, அதுக்குள்ள போய்த் தாப்பாளப் போட்டுக்கிட்டேன். சன்னல் கம்பி வழியாத்தான் பாத்தேன். இவரு மண்டி போடல. மன்னிப்பும் கேக்கல. மூக்குல ரத்தம் வடிய நின்னுக்கிட்டே இருந்தாரு. அடிச்சவய்ங்கதான் கை ஓஞ்சு போனாய்ங்க. நான் பொய்யப் பாடிட்டேன்."

சின்னக்கருப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அது பரவி ஸ்டாண்டே விழுந்து விழுந்து சிரித்தது.

நதியாவுக்குத்தான் சங்கடம். "இதப் படத்துல வச்சா எல்லாரும் உங்களப் பாத்துச் சிரிப்பாங்க, இத்ரீஸ்."

"சிரிக்கட்டும்க்கா. நாலு வருசமா இவரப் பாத்துச் சிரிச்சாகல்ல."

அவன் தோளில் கையை வைத்தேன்.

ஜீப்பின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஜெபா இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். துப்பட்டா தோளில் கிடந்தது.

"அக்கா, இன்னொருக்கா எடுங்க" என்றாள். "இவரு இவருன்னே சொல்றாக. எங்கப்பா பேரச் சொல்லச் சொல்லுங்க. பஸ்ஸுல பின்சீட்டுக்குக் கேக்கிற மாதிரிச் சத்தமாச் சொல்லணும்."