புளிக்கரைசலில் ஒரு ஷவர்

கவிதா ஷவரை வலக்கையாலேயே கழற்றினாள். இடது மணிக்கட்டை முந்தின நாள் கணவன் ஆனந்தன் முறுக்கியிருந்தான். காரணம் இந்த ஷவர்தான். தண்ணீர் நூல்நூலாக வந்தது, அதுவும் கோணலாகச் சுவரைப் பார்த்துப் பீச்சியது. மலைக்கோயிலில் மொட்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துதான் குளிப்பேன், அதற்குள் சரியாகவில்லை என்றால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். சொன்னால் செய்கிறவன்.

திருத்தணியின் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். குளித்து முடித்ததும் ஷவரின் துளைகளில் தங்கும் சொட்டு காய்கிறது. நீர் ஆவியாகிவிடும், சுண்ணாம்பு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அதன்மேல் இன்னொரு படலம். துளை பாதி அடைபட்டால், மிச்சமிருக்கும் சந்தில் நீர் கோணலாகத்தான் பாயும். ஆகவே பழுது தொட்டியிலும் இல்லை, குழாயிலும் இல்லை, துளைகள் உள்ள அந்தச் சின்னத் தட்டில்தான். நட்டின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்பேனரைப் போட்டால் மெருகு கீறாது. கவிதா துணி சுற்றியிருந்தாள். கீறல் விழுந்தால் அதற்கும் அடி விழும்.

குத்துவிளக்கு துலக்கும் புளியை ஒரு சட்டி வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, ஷவரைக் குப்புற முக்கினாள். புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும். மெதுவாகத்தான் கரைக்கும், ஆனால் ரப்பர் வாஷரைக் கெடுக்காது. நன்றாக ஊறியபின் ஒவ்வொரு துளையையும் ஊசியால் குத்திவிட்டுப் பழைய பல் பிரஷால் தேய்த்தால் போதும்.

கீழ்வீட்டு ஹமீதுன்னிசா படியேறி வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னா கவிதா, ஷவருல புளிக்கொழம்பா?”

“சிரிக்காதக்கா. அவரு வர்றதுக்குள்ள ஊறணும்.”

ஹமீதுன்னிசாவின் பார்வை வீங்கிய மணிக்கட்டில் நின்றது. “நேத்து சத்தம் கேட்டுச்சு. இன்னிக்கும் கேட்டா நா மேல வந்துடுவேன், ஆமா.”

“வேணாக்கா. உன்னையும் அடிப்பாரு.”

அவள் கீழே இறங்கிப் போன சற்று நேரத்தில் ஆனந்தன் வந்துவிட்டான். மொட்டையில் சந்தனம் பூசியிருந்தது. அவசரமாக மழித்த கத்தி அங்கங்கே கீறி, சந்தனத்தினூடே ரத்தம் கசிந்தது.

“இன்னாடி பண்ணிகினு கீற?”

“இன்னும் கொஞ்சம் ஊறணும் பாவா.” அவன் அவளுடைய அத்தை மகன். சின்ன வயசிலிருந்தே பாவாதான்.

அறைந்தான். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. உதைத்த உதையில் சட்டி பாத்ரூம் சுவரில் மோதிப் புளித்தண்ணீர் தெறித்தது.

“இது இன்னா குத்துவெளக்கா, புளி போட்டுத் தொலக்க? ஆசிட் எங்க?”

டைல்ஸில் படியும் உப்புக்கறைக்காக அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டில் ஆசிட் இருக்கும். ஆனந்தன் அதை எடுத்து ஷவரின் கழுத்துக்குள் ஊற்றினான். நுரை புகைந்து வெளியே வழிந்தது. ஆசிட்டும் சுண்ணாம்பைத்தான் கரைக்கிறது, ஆனால் வெறிபிடித்ததுபோல. தட்டுக்குப் பின்னால் ஒரு குழிவு உண்டு. துளைகள் முழுதாகத் திறக்கும்வரை ஆசிட் வடியாமல் அதில் தேங்கி நிற்கும். வாளித் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, மாட்டியபின் அடியில் ஆளில்லாமல் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும்.

ஆனந்தன் அப்படியே திருகி மாட்டினான்.

“பாவா, அலசிட்டு மாட்டு! தலையில பட்டா...”

“எனக்கே சொல்லித் தர்றியா?” அவள் பின்னந்தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு அடியில் நின்று அண்ணாந்து, குழாயை முழுதாகத் திறந்தான்.

முதலில் இறங்கியது ஆசிட். கத்திக்கீறல்களில் பட்டு, நெற்றியில் ஓடி, கண்ணுக்குள் போனது. அவன் அலறினான். கண்ணை இறுக மூடியபடி துழாவி, அவள் கழுத்தைப் பிடித்தான்.

“இன்னாடி கலந்து வெச்ச? கொன்னுடுவேன்!”

பிடி இறுகியது. அவளால் மூச்சுவிட முடியவில்லை. கைக்குக் கிடைத்த ஸ்பேனரால் அவன் முழங்கையில் ஓங்கி அடித்தாள். எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. இன்னொன்று போட்டாள். பிடி விட்டது.

ஆசிட் பட்டால் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான், விடாமல் ஓடும் தண்ணீர். துளைகள் திறந்துகொண்டு ஷவர் இப்போது சுத்தமான தண்ணீரைக் கொட்டியது.

“நவுராத! தண்ணிலயே நில்லு! கண்ணத் தொறந்து கழுவு!”

குரல் வந்த திசையில் அவன் பாய்ந்தான். இரு கையாலும் நெஞ்சில் தள்ளினாள். மணிக்கட்டில் உயிர் போனது. அவன் ஈரத்தரையில் வழுக்கி ஷவரடியிலேயே விழுந்தான். வெளியே வந்து கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டாள்.

ஹமீதுன்னிசா உலக்கையோடு மேலே ஏறி வந்திருந்தாள். “உசுரோட கீறியாடி?”

“ஆங், கீறேன்க்கா. நூத்தியெட்டுக்குப் போடு. போலீசுக்கும் போடு.”

“அவன்?”

“கண்ணுல ஆசிட்டு. தண்ணி ஓடிகினுதான் இருக்குது. தெறந்தா என்னக் கொன்னுடுவான். அவங்களே வந்து தெறக்கட்டும்.”

பிளாஸ்டிக் கதவு அதிர்ந்தது. உதைத்தான், வைதான், பிறகு அழுதான். “தொற கவிதா. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

கவிதா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

“கண்ணக் கழுவு” என்றாள். கீழே வண்டி வந்து நிற்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.