தலை திரும்பாத டாங்கி

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஊரில் அவருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். சட்டை எப்போது கிடைக்கும் என்று யார் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் சொல் அதுதான். குழந்தைகள் ‘நாளைக்கு மாமா’ என்பார்கள். பெரியவர்கள் மரியாதையாக ‘நாளைக்கு சார்’ என்பார்கள். அவருக்கு இதில் துளி வருத்தமும் கிடையாது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். என் கவுண்டரில் வரிசை நிற்காது. கை வேகம், வாய் அதைவிட வேகம் என்று மேனேஜரே சொல்லுவார். வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘எக்ஸ்பிரஸ்’. எனக்குக் கோபம் வந்தால் மட்டும், “எக்ஸ்பிரஸ் கிளம்பிடுச்சுப்பா” என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். சுவராவது பதில் சொல்லும், இந்த மனுஷன் சொல்ல மாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். குடி இல்லை, சீட்டு இல்லை. பிளாஸ்டிக் டாங்கி. பெட்டியைத் திறந்தால் எள்ளளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை துண்டு துண்டாக, ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, அரத்தால் தேய்த்து, பசை போட்டு ஒட்டினால் டாங்கியோ பீரங்கியோ போர்க்கப்பலோ வரும். வரும் என்று பெட்டி மேலே படம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எதுவும் முழுசாக வந்து நான் பார்த்ததில்லை. கரப்பான்பூச்சியைக்கூட அடிக்காமல் காகிதத்தில் ஏந்தி வெளியே விடுகிற மனிதருக்கு இத்தனை ஆயுதம் எதற்கு என்று கேட்டால், “அழகா இருக்கில்ல?” என்பார்.

சின்ன அறை முழுக்க அந்தப் பெட்டிகள். நடுவில் ஒரு மேஜை. கடையில் துணிக்கு எண் போடுகிற மாதிரி, ஒவ்வொரு பெட்டி மூடியிலும் தையல் சாக்பீஸால் எண் எழுதி வைத்திருப்பார். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் அங்கே போய் உட்காருவார். “ஏம்மா, கொஞ்ச நேரம் வந்து பக்கத்துல உக்காரேன்” என்று கூப்பிடுவார். எனக்கு ஏது நேரம்? வீட்டில் பெருக்குவது யார், துவைப்பது யார்? வாசலில் நின்றபடியே ரெண்டு திட்டு திட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் எங்கள் மகளுக்கு வேலையில் இந்த ஊருக்கே மாற்றல் வந்தது. இத்தனை வருஷம் விடுதியில் கிடந்த பிள்ளை வீட்டுக்கு வருகிறாள். அவளுக்கு ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் போட அந்த அறை வேண்டும். “ஹால்லயே படுத்துக்கறேம்மா, அப்பாவைத் தொந்தரவு பண்ணாத” என்றாள் போனில். பெற்ற வயிறு கேட்குமா? அன்றைக்கே அறை வாசலில் போய் நின்றேன்.

“ஏங்க, இத்தனை பெட்டியில ஒண்ணே ஒண்ணு முடிச்சிருக்கீங்களா?”

“முடிக்கணும்.”

“எப்போ?”

அவர் வாயைத் திறந்தார். அந்தச் சொல் வருவதற்கு முன் நான் முந்திக்கொண்டேன். “நாளைக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும். நல்லா கேட்டுக்குங்க. ஒரே ஒரு டாங்கி முழுசா முடிச்சுக் காட்டுங்க. இந்த மேஜையும் பெட்டியும் ஹாலுக்கு வரட்டும், டிவியை வேணாலும் தூக்கிடலாம். முடிக்கலையா, எல்லாம் வாங்கின கடைக்கே திரும்பிப் போகணும். இந்த ரூம் காலியாகிற வரைக்கும் நான் உள்ள காலடி எடுத்து வைக்க மாட்டேன்.”

அவர் அரத்தைக் கீழே வைத்தார். பிறகு, பெட்டிகள் வாங்குகிற கடையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி இருப்பதாகச் சொன்னார். மூன்று மணி நேரத்துக்குள் ஒரு டாங்கி. ஜோடியாகத்தான் சேர வேண்டுமாம்.

“அங்க முடிச்சா ஒத்துக்கறியா?”

“நீங்க பாட்டுக்குப் போயிட்டு வந்து முடிச்சேன்னு சொல்லுவீங்க, நான் தலையாட்டணுமா? நானே வரேன். என் கண்ணால பாக்கறேன்.”

இதைக் கோபத்தில்தான் சொன்னேன். அவர் முகம் ஏன் அப்படி மலர்ந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கடைக்கு மேலே ஒரு நீள அறை. மேஜைக்கு ஒரு ஜோடி, ஆளுக்கொரு விளக்கு, எல்லோருக்கும் ஒரே மாதிரி டாங்கிப் பெட்டி. எங்களுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பல் டாக்டரும் அவருடைய நர்ஸும். டாக்டர் கையை நீட்டினால் போதும், நர்ஸ் இடுக்கியை வைப்பாள். இன்னொரு தடவை நீட்டினால் அரம். வாயே திறக்கவில்லை இரண்டு பேரும்.

கடைக்காரர்தான் நடுவர். விதிகளைச் சொன்னார். “மணி அடிச்சதும் டாங்கியைக் கையில எடுப்பேன். தலைகீழாக் கவுப்பேன், எதுவும் கீழ விழக் கூடாது. சக்கரம் சுத்தணும். மேல இருக்கற தலை ரெண்டு பக்கமும் திரும்பணும். பசை தண்ணி மாதிரி இருக்கும், பாத்து. துண்டு ரெண்டையும் சேத்து வச்சுட்டு ஓரத்துல பிரஷ்ஷால தொட்டாலே போதும், தானா உள்ள ஓடிடும்.”

ஒரு பெரிய அலாரத்தைத் திருகி மேஜை மேல் வைத்தார். டிக் டிக் என்று அது போட்ட சத்தத்தில் எனக்கு வேர்த்தது.

நான் நூல் வெட்டுகிற கத்தரியால் துண்டுகளை வெட்டிக் கொடுத்தேன். அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. எண் பார், வெட்டு, தள்ளு. பில் போடுகிற மாதிரிதான். அவர் வாங்கி, தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இன்னொரு தடவை தேய்த்து, இடத்தில் பொருத்தி, காகித டேப்பால் ஒரு சுற்றுச் சுற்றுவார். அவர் விரல்களை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது! ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல். அந்த விரல் எள்ளு மாதிரி ஒரு கொக்கியை எடுத்து, அசங்காமல் அதன் துளையில் கொண்டுபோய் வைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கெட்டிக்காரர்தான் மனுஷன். இதை வாய்விட்டுச் சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்று சொல்லவில்லை.

“நல்லா வெட்டற” என்றார் அவர்.

“வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க” என்றேன். ஆனால் சிரித்துவிட்டேன்.

நடுவில் டீ வந்தது. அவர் குடிக்க மறந்தார், நான் ஊட்டாத குறையாகக் குடிக்க வைத்தேன். சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலி மாட்டினார். மேலே தலையை வைத்தார். முன்னால் நீளக் குழலைச் செருகினார். கடைசி அரை மணி நேரம் இருக்கும்போது எங்கள் மேஜையில் ஒரு டாங்கி நின்றுகொண்டிருந்தது! முழு டாங்கி! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஜெயித்தால் ஹாலில் டிவியை எங்கே தள்ளுவது என்றுகூட யோசித்துவிட்டேன். அப்போதுதான் நான் யார் கட்சி என்று எனக்கே தெரிந்தது.

அவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். “டிரையல் பிரமாதம்” என்றார்.

“என்னது?”

“டிரையல். இனி ஒவ்வொண்ணாப் பிரிச்சு ஒட்டணும்.”

பசை பாட்டிலைப் பார்த்தேன். மூடியே திறக்கவில்லை. அடப் பாவி மனுஷா! இத்தனை நேரமும் ஒரு சொட்டுப் பசை வைக்காமல், டேப்பிலும் நம்பிக்கையிலும் ஒரு டாங்கியை நிறுத்தி வைத்திருக்கிறார். கடையில் ஓட்டுத் தையல் போட்டு, ஆளுக்குப் போட்டுப் பார்த்து, அப்புறம் பிரித்துத் தைப்பாரே, அதே மாதிரி. டாங்கிக்கு டிரையல் பார்த்த தையல்காரர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

“பிரிக்கறதா? மணி என்ன ஆகுது பாத்தீங்களா?”

“ஒட்டிட்டா அப்புறம் சரி பண்ண முடியாதும்மா. அதனாலதான்...”

“எதையும் சரி பண்ண வேண்டாம்! நகருங்க!”

எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டது. ஓரத்தில் தொட்டாலே உள்ளே ஓடும் என்று கடைக்காரர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. பிரஷ்ஷைத் தோய்த்தேன். உடம்பைச் சுற்றி ஒரு கோடு. சங்கிலி சேருகிற இடம். கொக்கி, மூடி, விளக்கு. “சக்கரத்துல வேண்டாம், சக்கரத்துல வேண்டாம்” என்று அவர் பக்கத்தில் கிடந்து தவித்தார். சக்கரத்தை விட்டேன். ஒட்டின இடத்து டேப்பை அவர் உரித்துக்கொண்டே வந்தார். நான் முன்னால், அவர் பின்னால். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். மணி அடிக்கப் போகிறது என்று கடைக்காரர் கையைத் தூக்கினார். குழல் கொஞ்சம் ஆடுகிற மாதிரி தெரிந்தது. எதற்கு வம்பு என்று குழலின் அடியிலும், தலையின் கழுத்தைச் சுற்றியும் தாராளமாக ஒரு பூச்சு பூசினேன். மணி அடித்தது.

கடைக்காரர் எங்கள் மேஜைக்கு வந்தார். டாங்கியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். சக்கரத்தைத் தள்ளினார், சுற்றியது. நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு கடைக்காரர் டாங்கியின் தலையைத் திருப்பப் பார்த்தார். தலை திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். டாங்கியே மொத்தமாகத் திரும்பியது. குழல் கோணலாக என்னையே பார்த்தபடி நின்றுவிட்டது.

“ஒட்டிக்கிச்சே. யார் ஒட்டினது?” என்றார் கடைக்காரர்.

“நான்தான்” என்றார் இவர், கண்ணிமைக்காமல். “கை தவறிடுச்சு.”

இத்தனை பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பொய் சொல்கிறார். தோற்றால் போகப்போவது யாருடைய பெட்டி? அவருடையது. எனக்குக் கோபம்தான் வந்தது.

“ஒட்டினது நான்!” என்று கத்தினேன். “அவர் ஒட்டவே இல்ல. அவர் எதையும் ஒட்ட மாட்டார். ஊருக்கே தெரியும்!”

அறையே சிரித்தது. இவரும் சிரித்தார். யார் ஒட்டினாலும் தலை திரும்பாத டாங்கி கணக்கில் சேராது என்று கடைக்காரர் வருத்தத்தோடு சொல்லிவிட்டு நகர்ந்தார். பல் டாக்டரும் நர்ஸும் ஜெயித்தார்கள். அப்போதும் பேசிக்கொள்ளவில்லை.

விரலெல்லாம் பசை. கை கழுவக் கீழே கடையின் பின்பக்கம் போனேன். போகும்போதே முடிவு பண்ணிவிட்டேன். நான் கேட்டது முடிந்த டாங்கி, திரும்புகிற டாங்கி இல்லை. முடிந்ததா? முடிந்தது. மேஜை ஹாலுக்கு வரும், பெட்டிகளும் வரும். வீட்டுக்குப் போனதும் பெரிய மனசு பண்ணிச் சொல்ல வேண்டும், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே குழாயைத் திறந்தேன்.

குழாய்க்குப் பக்கத்தில் சுவரோரமாகப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூடியிலும் சாக்பீஸ் எண். அந்த வளைவான இரண்டு, அந்த நெளிந்த ஏழு. நான் அந்தக் கையெழுத்தோடு குடித்தனம் நடத்துகிறவள்.

கடைக்காரர் பின்னாலேயே வந்தார். “நேத்து சார் ஆட்டோல கொண்டு வந்து இறக்கினார்மா. பொண்ணு வருதாமே, ரூம் வேணும்னு சொன்னார். வேணுங்கறவங்களுக்குக் குடுத்துடுங்கன்னார்.”

நேற்று. நான் வேலைக்குப் போயிருந்த நேரம். காலியாகும் வரை உள்ளே கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவள் நான்தானே? சாத்தியிருந்த கதவைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே அந்த மேஜையைத் தவிர ஒன்றுமே இல்லை.

இவர் தலை திரும்பாத அந்த டாங்கியைக் கையில் ஏந்தியபடி படி இறங்கி வந்தார். நான் பெட்டிகளைக் காட்டினேன். திருட்டு முழி முழித்தார்.

“நேத்தே எல்லாத்தையும் குடுத்துட்டு, அப்புறம் எதுக்குங்க போட்டிக்கு வந்தீங்க?”

“நீ வரேன்னு சொன்னியே.”

“என்னங்க பேசறீங்க?”

“எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன், கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காருன்னு. எக்ஸ்பிரஸ் எங்க நிக்குது? பெட்டியெல்லாம் போயிடுச்சுன்னு சொல்லியிருந்தா நீ இன்னைக்கு வந்திருப்பியா?” கையில் இருந்த டாங்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மூணு மணி நேரம் முழுசா உக்காந்திருந்த. எனக்குப் போதும்.”

வந்திருக்க மாட்டேன். அவர் சொன்னது நிஜம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குழாய்த் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டேன். கடைக்காரர் நல்ல மனுஷர், அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுங்க” என்றேன் அவரிடம்.

“புள்ளைக்கு ரூம்?” என்றார் இவர்.

“ரூம் அவளுக்குத்தான். இது ஹாலுக்கு. பெட்டி டிவி இருந்த இடத்துல. மேஜை ஜன்னலோரம். ரெண்டு நாற்காலி போடணும்.”

“சரிம்மா, நாளைக்கு ஆட்டோல ஏத்தி அனுப்பறேன்” என்றார் கடைக்காரர்.

“நாளைக்கா? நீங்களுமா? ஒண்ணையாவது இப்பவே குடுங்க, கையில எடுத்துட்டுப் போறோம். எதுவும் சுத்தாததா, திரும்பாததாப் பாத்துக் குடுங்க.”

இரண்டு பேரும் பெட்டிகளை மேலும் கீழும் பார்த்தார்கள். “எல்லாத்துலயும் ஏதாவது ஒண்ணு சுத்தும்மா” என்றார் இவர், பயந்துகொண்டே.

“அப்போ பசை உங்க கையிலயே இருக்கட்டும்” என்றேன். “நான் சும்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்.”

அவர் ஒரு பெட்டியை எடுத்தார். மூடியில் இருந்த சாக்பீஸ் எண்ணைச் சட்டைக் கையால் துடைத்தார். டாங்கியை என்னிடம் கொடுத்தார். வழியெல்லாம் அதன் குழல் கோணலாக அவர் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தது.