பிடரியில் ஈரம்

மேனேஜர் எங்கள் பூனை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் அதட்டுவதால் அக்கா வைத்த பெயர். சர்க்கரை நோய் வந்ததும் அதட்டல் நின்றுபோனது. தண்ணீர்க் கிண்ணமே கதியென்று கிடந்தது. பின்னங்கால்கள் துவண்டு, குதிகால் தரையில் பட நடந்தது.

காலையும் மாலையும் இன்சுலின், பிஸ்கட் கூடாது, டப்பா இறைச்சி மட்டும் என்றார் டாக்டரம்மா. "சில பூனைங்களுக்குக் கொஞ்ச நாள்ல ஊசியே தேவைப்படாது. இவனுக்கும் அப்படி ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். கவனிக்காம விட்டா செத்துடுவான், அது நிச்சயம்."

இரவு வேலையை உதறிவிட்டு அக்கா வீட்டில் கிடந்த எனக்கு அதுதான் உத்தியோகம். சர்க்கரை இறங்க இறங்க மருந்தையும் குறைத்துக்கொண்டே வந்தார் டாக்டரம்மா. அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலது கையில் மாவுக்கட்டு.

"நான் போடறேன்" என்றார் அத்தான். சோபாவுக்கு உறை தைப்பவர். "ஊசியப் பத்தி எனக்கே பாடமா மாப்ள?"

ஆனால் சர்க்கரை பார்க்கப் பூனையின் காதில் குத்தி ரத்தம் எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மீட்டர் அலமாரியில் தூங்கியது.

ஒரு வாரம் கழித்து மேனேஜர் என் மடியில் ஏறியது. ஊசி போடும் பிடரியில் ஆஸ்பத்திரி வாடை. தொட்டேன். முடி ஈரமாக ஒட்டிக்கிடந்தது.

"அத்தான், எப்படிக் குத்துறீங்க? துணியில காட்டுங்க."

பிடரித் தோலைப் பிடிப்பதுபோல் உறைத்துணியை மடித்துப் பிடித்தார். காலி சிரிஞ்சை எடுத்தார். ஒரே குத்து. முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"எவ்வளவு சுத்தமா அந்தப் பக்கம் வந்துடுச்சு பாரு!"

"அந்தப் பக்கம் வரக் கூடாது."

"வராம எப்படிடா தைக்கிறது?"

"பூனையைத் தைக்கவா சொன்னோம்?" என்று அக்கா கத்தினாள்.

அத்தானின் முகம் வெளுத்தது. ஒரு வாரமாக மருந்தெல்லாம் முடிக்குத்தான் போயிருக்கிறது. "கொன்னுட்டேனா மாப்ள?" என்றார். நானும் சர்க்கரை கூரைக்கு ஏறியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு பூனையைப் பிடிக்க, நான் சொல்லச் சொல்ல அக்கா காதில் குத்தினாள். மீட்டர் நூற்றிரண்டுதான் காட்டியது, நோயில்லாத பூனையின் அளவு. நம்பாமல் இன்னொரு முறை குத்தினோம். ஏறக்குறைய அதேதான்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். கதையைக் கேட்டுச் சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஊசி போடாதீங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. நல்லவேளை, மருந்து முடிக்குப் போச்சு. சர்க்கரை இந்த அளவுல இருக்கறப்ப அது உள்ள போயிருந்தா மயங்கி விழுந்திருப்பான்."

வாரக்கணக்கில் சோதித்தார்கள். ஊசியே இல்லாமலும் சர்க்கரை ஏறவில்லை. "நோய் விலகி நிக்குது" என்றார் டாக்டரம்மா. "போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். பிஸ்கட் குடுத்தா திரும்பி வந்துடும். மீட்டரைத் தூக்கிப் போடாதீங்க."

வீடு திரும்பியதும் மேனேஜர் கூடையிலிருந்து குதித்தது. குதிகால் தரையில் படவில்லை. அத்தான் அன்று காலைதான் தைத்து முடித்திருந்த சோபாவின் மேல் ஒரே தாவாகத் தாவி, நகத்தைத் தீட்டிக்கொண்டே எங்கள் மூவரையும் அதட்டியது.

"ஐயோ, புது உறை!" என்று அக்கா பாய்ந்தாள்.

அத்தான் குனிந்து கீறலைத் தடவிப் பார்த்தார். "விடுடி. அந்தப் பக்கம் வரல."